முதல் குழியும் மங்கி குல்லாவும்

துர்கா பூஜோ முடிந்து, கொல்கத்தா கரியாஹாட்டில் பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் கல்பனா அசோக்கின் மளிகைக் கடைக்குள் நுழைந்தாள். வழக்கமாகத் தோசை மாவும் காப்பிப் பொடியும் கேட்கிறவள், அன்று எதுவும் கேட்கவில்லை.

"அண்ணா, சுந்தரவல்லி ஆன்ட்டியைப் பார்க்கணும். வீட்டுக்குப் போனேன், பூட்டியிருக்கு."

"இந்த நேரத்துக்கு வீட்டுல எங்க இருப்பாங்க? உள்ள பாரு."

அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சுந்தரவல்லி பெருங்காயக் கட்டி ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தார். சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து, வாழ்நாளில் பாதியைப் பிறர் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதிலேயே கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கொல்கத்தா தமிழர்கள் தங்கள் சிக்கல்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தார்கள். அவருக்கு உதவியாளர் என்ற பதவியை அசோக்குக்கு யாரும் கொடுக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டான். வழக்கு என்று வந்துவிட்டால் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். நாற்பதைத் தாண்டியவன் செய்கிற வேலையா இது என்று மனைவி கேட்பாள். கேட்டுக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்துகொள்வாள்.

"என் தங்கச்சியைத் திருடின்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி," என்றாள் கல்பனா. அசோக் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

விஷயம் இதுதான். தங்கை சத்யப்ரியா, காளிம்போங் பக்கம் மலைமேல் இருக்கும் ஒரு கோல்ஃப் விடுதியில் விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பூஜோ விடுமுறைக்கு நியூ டவுனிலிருந்து ஒரு தமிழ்க் குழு அங்கே போனது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராகவன், அவர் மனைவி நாகலட்சுமி, மகள் சங்கரிக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை ஹரீஷ், குடும்ப நண்பர் ராஜ்மோகன். ஆண்கள் மூவரும் கோல்ஃப் ஆடக் கிளம்ப, நாகலட்சுமி வேடிக்கை பார்க்க உடன் போனாள். திரும்பி வந்தபோது பவுடர் டப்பாவில் வைத்திருந்த அவளுடைய வைரத் தோடுகளைக் காணவில்லை.

"தோட்டை எதுக்குக் கழட்டி வச்சாங்க?"

"அதுதான் ஆன்ட்டி கொடுமை. குளிர்ல காது வலிக்குதுன்னு அவங்க சொன்னாங்க. பாவம்னு பிரியா தன்னோட மங்கி குல்லாவைக் கொடுத்திருக்கா. குல்லா போட்டதும் தோட்டோட திருகு குத்துதுன்னு எல்லார் முன்னாடியும் கழட்டி வச்சாங்களாம். இப்ப என்ன சொல்றாங்கன்னா, தோட்டைக் கழட்ட வைக்கத்தான் இவ குல்லாவே கொடுத்தான்னு."

அவர்கள் தங்கிய குடிலின் முன்கதவுப் பூட்டு உடையவில்லை. அதன் ஒரு சாவி நாகலட்சுமியின் கைப்பையிலும் இன்னொன்று சத்யப்ரியாவிடமும் இருந்தன. பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டது. ஆனால் வெளியிலிருந்து கதவை மேலே தூக்கிக் குலுக்கினால் தாழ்ப்பாள் தானாக விழுந்து கதவு திறந்துவிடும். அந்தக் குடிலில் புழங்கினவர்களுக்குத்தான் அது தெரியும். விருந்தினர் நால்வருமே அங்கே வருவது அதுதான் முதல் தடவை. ஆகவே எந்தக் கதவாக இருந்தாலும் திருடியது வேலைக்காரர்தான் என்று மேனேஜர் முடிவு கட்டி, சத்யப்ரியாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோடு வராவிட்டால் போலீஸில் புகார்.

"ஜாதவ்பூர் வீட்டுல ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறா. ஒரு வார்த்தை பேசல. இந்தப் பேரோட இனி எந்த ஓட்டல்ல ஆன்ட்டி அவளைச் சேர்ப்பாங்க?"

சுந்தரவல்லி பெருங்காயத்தைக் கீழே வைத்தார். "அறைக்குள்ள ஏதாவது அழுக்கு, மண்ணு?"

"பின்கதவுக்கு உள்பக்கம் ஈரச் சேறு இருந்துச்சாம். பிரியாதான் மேனேஜருக்குக் காட்டினாளாம். கண்ணுல மண்ணைத் தூவ நீயே போட்டதுன்னுட்டாரு."

"சாவி கையில இருக்கிறவ சேத்துல இறங்கிப் பின்கதவைக் குலுக்கிட்டிருக்க மாட்டா. அப்படியே ஏமாத்தப் போட்டிருந்தாலும், எல்லாரும் பார்க்கிற மாதிரி பூட்டை உடைச்சிருப்பா. வேலைக்காரங்களைக் காட்டிக் கொடுக்கிற கதவையா தேடிப் போவா?" என்று சொல்லிவிட்டு சுந்தரவல்லி எழுந்தார். "அசோக், நியூ டவுனுக்கு ஒரு வண்டி கூப்பிடு."

அசோக் வண்டியில் ஏறுவதற்குள்ளேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். மாப்பிள்ளைப் பையன்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமியாருடைய நகையைப் பற்றி விசாரிக்கிற ஆள் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ஏர்போர்ட் சாலை வரை விளக்கிக்கொண்டே வந்தான். ஹரீஷ் நகையைப் பற்றி விசாரித்தான் என்று யார் சொன்னது என்று சுந்தரவல்லி கேட்டதும், ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

பதினோராவது மாடி வீட்டில் நாகலட்சுமி கதவைத் திறந்தாள். காதில் சின்னதாக ஒரு பொட்டுத் தோடு. பேச்சு ஆரம்பித்ததுமே கண் கலங்கியது.

"எங்க அம்மா போட்டிருந்த ப்ளூ ஜாகர் வைரத் தோடு. கல்லைப் பதிச்ச தங்கக் கட்டடம் பழசாயிடுச்சுன்னு போன வருஷம்தான் மாத்தினோம். ராஜ்மோகன்தான் பொறுப்பா வாங்கிட்டுப் போய், பவ்பஜார் நகைக்கடையில கொடுத்து மாத்திக் கொண்டு வந்தார். இப்ப சங்கரி கல்யாணத்துக்கு அதை நெக்லஸாப் பண்ணிடலாம், தீபாவளிக்கு மதுரைக்குப் போறப்போ எங்க குடும்பத்து வைர வியாபாரிகிட்டயே காட்டிடலாம்னு அன்னைக்குக் காலையிலகூட டிபன் சாப்பிடும்போது சொல்லிட்டிருந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணு?" என்று அமைதியாகக் கேட்டார் சுந்தரவல்லி. நாகலட்சுமி கணவரைக் கூப்பிட உள்ளே போனாள்.

ராகவனும், வாரக்கடைசி என்பதால் ஹரீஷும் வீட்டில் இருந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் எல்லோரும் டீக்கடைக் கொட்டகையில் உட்கார்ந்தார்களாம். குடில்கள் பக்கத்திலேதான். ராகவன் கழிவறைக்குப் போயிருந்தார். ஹரீஷ் சங்கரியிடம் போனில் பேச ஒதுங்கினான். ராஜ்மோகன் சரிவில் விழுந்த பந்தைத் தேடப் போனார். மூவருமே கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை.

"கோல்ஃப் பையைத் தூக்குற கேடிப் பசங்க யாரும் உங்ககூட வரலியா?" என்றார் சுந்தரவல்லி.

"தசைன் ஆன்ட்டி. மலைக்காரங்களுக்கு நம்ம தீபாவளி மாதிரி. எல்லாரும் நெத்தியில திலகம் வச்சுக்க ஊருக்குப் போயிட்டாங்க. நாங்களேதான் பையைத் தூக்கிட்டுப் போனோம், யோசனை சொல்லவும் ஆள் இல்ல," என்றான் ஹரீஷ். "கல்கத்தா மைதானம் எல்லாம் தட்டையா இருக்கும். அங்க போய் மானம் போச்சு."

"ஆட்டத்தைப் படம் எடுத்தீங்களா?"

நாகலட்சுமி முதல் குழியை மட்டும் போனில் பிடித்திருந்தாள். பிறகு கை விறைத்துவிட்டது. சுந்தரவல்லி அதை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். அசோக் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

மூடுபனி விலகி, மலை ஒரு பக்கம் சுவர்போல எழுந்திருந்தது. மறுபக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. கோல்ஃப்காரர்கள் அதைக் 'கிரீன்' என்பார்கள். படத்தில் பார்த்தபோது அது மலைப்பக்கம் சாய்ந்திருப்பதாகத்தான் அசோக்குக்குத் தோன்றியது. குழிக்கு அதிகத் தொலைவில் பந்து இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும். அது ராஜ்மோகன். குழியைப் பார்க்காமல் அவர் மலையைப் பார்த்துக் குறி வைத்தார். பந்து மலைப்பக்கமாக ஓடி, பிறகு வளைந்து இறங்கிக் குழிக்குள் விழுந்தது. "கல்லு தட்டிடுச்சுய்யா, குருட்டு அதிர்ஷ்டம்!" என்று ராகவனின் குரல் கேட்டது. ராஜ்மோகன் சிரித்தார். குழிக்கு எதிர்ப்புறத்திலிருந்து ராகவனும் ஹரீஷும் தத்தம் கண்ணை நம்பிப் பள்ளத்தாக்குப் பக்கம் குறி வைத்தார்கள். இருவர் பந்தும் இன்னும் பள்ளத்தாக்குப் பக்கமாகவே ஓடிப்போயின. நாகலட்சுமியின் சிரிப்பில் படம் ஆடியது.

"ஏன் இப்படி ஆச்சு?"

"மலை கண்ணை ஏமாத்திடுது ஆன்ட்டி. பக்கத்துல அவ்வளவு செங்குத்தா மலை நிக்கிறதால தரை அந்தப் பக்கம் சாயுற மாதிரி தெரியும். நிஜத்துல பள்ளத்துப் பக்கம்தான் சாயும். எங்களுக்கு நாலஞ்சு குழி தாண்டித்தான் புரிஞ்சுது. ராஜ்மோகன் அங்கிளே அப்புறம்தான், 'ஓ, அப்படியா சங்கதி'ன்னார்."

சுந்தரவல்லி படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, நாளை மாலை ராஜ்மோகனையும் அவர் மனைவியையும் இங்கே அழைக்க முடியுமா என்று ராகவனிடம் கேட்டார்.

திரும்பும்போது அசோக் பொறுக்க முடியாமல், "அக்கா, ஹரீஷ் போன் பேசினதை சங்கரிகிட்டக் கேட்டுப் பார்த்துடலாமா?" என்றான்.

"அவன் என்ன தப்பு பண்ணினான்?"

"படத்துல பார்த்தீங்களே, தப்பாத்தானே அடிச்சான்!"

"அதேதான்," என்றார் சுந்தரவல்லி. அன்று இரவு அசோக்குக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை அந்த வீட்டில் எல்லோரும் கூடினார்கள். ராஜ்மோகன் வாட்டசாட்டமானவர், வந்ததும் நாகலட்சுமிக்கு ஆறுதல் சொன்னார். மனைவி ரஞ்சனா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்பனா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

சுந்தரவல்லி காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினார்.

"திருடினவர் பின்கதவு வழியா வந்திருக்கார். சேறு அதைச் சொல்லுது. சாவி இல்லாதவர், ஆனா தாழ்ப்பாள் விழுற சூட்சுமம் தெரிஞ்சவர். முன்னாடி ஒரு தடவையாவது அந்தக் குடில்ல தங்கினவருக்குத்தான் அது தெரியும். நீங்க எல்லாரும் முதல் தடவைன்னு சொன்னீங்க. அந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு பொண்ணைத் திருடி ஆக்கினாங்க. அதனால நான் தேடினது ஒண்ணே ஒண்ணுதான். இதுல யாருக்கு அது முதல் தடவை இல்ல?"

போனை மேஜைமேல் வைத்து முதல் குழியை ஓட்டிக் காட்டினார்.

"கல்கத்தாவுல தட்டையான தரையில ஆடிப் பழகினவங்க, முதல் தடவை மலைக்குப் போனா ஒரு தப்பு பண்ணியே ஆகணும். ராகவன் சார் பண்ணினார். ஹரீஷ் பண்ணினான். நீங்க பண்ணல, ராஜ்மோகன். உங்களுக்கு முன்னாடி யாரும் அடிக்கல. பார்த்துக் கத்துக்க வழியில்ல. சொல்லிக்கொடுக்கக் கேடியும் இல்ல."

ராஜ்மோகன் சிரித்தார். "மேடம், அது ஃப்ளூக். ராகவனே சொன்னாரே."

"அதிர்ஷ்டம்னா பந்து குறி தப்பி குழியில விழணும். நீங்க நின்ன நிலையைப் பாருங்க. உடம்பு, மட்டை, கண்ணு எல்லாம் மலையைப் பார்த்திருக்கு. பந்து நீங்க நினைச்ச இடத்துக்குத்தான் போச்சு."

"சரி, எனக்குத் தரையைப் படிக்கத் தெரியும்னு வச்சுக்கோங்களேன். அது குத்தமா?"

"அப்ப நண்பர் தப்பா அடிக்கப் போறப்போ ஏன் வாயைத் திறக்கல? நான் கோல்ஃப் ஆடினதில்ல. ஆனா ஆடறவங்க பெட்டியை நிறையத் திறந்திருக்கேன். கேட்காமலேயே யோசனை சொல்லாத ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்ல. நீங்க நாலஞ்சு குழி வரைக்கும் பேசாம இருந்து, ஹரீஷ் கண்டுபிடிச்சதும் 'அப்படியா சங்கதி'ன்னீங்க. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி காட்டிக்கிட்டதுக்குக் காரணம் வேணுமில்ல?"

"நான் அந்த மலைப்பக்கமே போனதில்ல," என்றார் ராஜ்மோகன். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ரஞ்சனாவைக் கேளுங்க."

எல்லோரும் ரஞ்சனாவைப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் அப்பா திவசத்துக்கு மெட்ராஸ் போறேன்னு கிளம்பினீங்க," என்றாள் மெதுவாக. "பெட்டியில கம்பளி ஸ்வெட்டரை வச்சீங்க. மெட்ராஸ் வெயிலுக்கு எதுக்குன்னு கேட்டேன். ட்ரெயின்ல ஏசி அதிகம்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

அசோக் தன்னை மறந்து, "அடப்பாவி!" என்றான். சுந்தரவல்லி அவனைத் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வீட்டுல சொன்ன பொய்யைக் காப்பாத்தத்தான் முதல் தடவைன்னு சொல்லி வச்சீங்க. அப்போ திருட்டு நினைப்பே இருந்திருக்காது," என்று தொடர்ந்தார் சுந்தரவல்லி. "ஆனா காலை டிபன்ல நாகலட்சுமி மதுரை வைர வியாபாரியைப் பத்திப் பேசினாங்க. அவர் ஒரு தடவை பார்த்தாலே அந்தக் கல்லு அசலா போலியான்னு சொல்லிடுவார். கட்டடம் மாத்த வாங்கிட்டுப் போனவர் நீங்க. அசல் கல்லு எங்க, ராஜ்மோகன்?"

கீழே சாலையில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ராஜ்மோகன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

"வித்துட்டேன்," என்றார் கடைசியில். "போன வருஷமே. தோடு... பள்ளத்துல வீசிட்டேன். அந்தப் பொண்ணுமேல பழி விழும்னு நான் நினைக்கல."

"விழுந்தப்புறம் நினைச்சிருக்கலாமே," என்றாள் கல்பனா. அந்த வீட்டில் அவள் பேசியது அவ்வளவுதான்.

ராகவன் விடுதி மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, ராஜ்மோகனைப் பேச வைத்தார். தோட்டின் கதை இனி போலீஸுக்குப் போகட்டும் என்றாள் நாகலட்சுமி. அம்மாவின் கல் ஒரு வருஷமாகவே தன் காதில் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் அழுதது அதற்காக இல்லை. உள்ளே போய் ஒரு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கல்பனாவிடம் கேட்டாள்.

ஜாதவ்பூரில் அந்த வீட்டின் படியேறும்போது நாகலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. கல்பனா அறைக் கதவைத் தட்டி, திருடன் அகப்பட்ட கதையை வெளியிலிருந்தே சொன்னாள். சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது. சத்யப்ரியாவின் முகம் வாடியிருந்தது. நாகலட்சுமி பையிலிருந்து மங்கி குல்லாவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உன் குல்லாம்மா. ஊருக்கு வந்ததும் துவைச்சு வச்சேன். எப்படித் திருப்பிக் கொடுக்கிறதுன்னு தெரியல. நீ குளிருக்குக் கொடுத்ததை நான்... என்னை மன்னிச்சுடு."

சத்யப்ரியா அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். கம்பளி இறுகிச் சுருங்கி, பொம்மைக்குப் போடும் அளவுக்கு ஆகியிருந்தது. இத்தனை நாள் பேசாதிருந்தவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"கம்பளியை வெந்நீர்லயா ஆன்ட்டி போட்டீங்க?"

"நல்லா அழுக்குப் போகட்டும்னு..."

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அவள் அந்தக் குல்லாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய போன் உள்ளே அடித்தது. விடுதி மேனேஜர். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பேசினாள்.

"வரச் சொல்றீங்களா சார்? யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். பிறகு நாகலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "நிக்கிறீங்களே, உட்காருங்க ஆன்ட்டி. காப்பி போடறேன்."

கூடவே வந்து வாசலில் நின்றிருந்த சுந்தரவல்லி, இரண்டு டம்ளர் சேர்த்துப் போடச் சொல்லும்படி அசோக்கிடம் சொன்னார்.