சனிக்கிழமை மட்டும் கத்தும் நண்டு

பேரணாம்பட்டிலிருந்து பாகாயம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த காப்பித்தூள் பாட்டிலை அப்துல் வஹீத் பட்டறை மேஜைமீது வைத்தார். கைக்குட்டையைப் பிரித்து அதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“மாத்திட்டானுங்க,” என்றார். “கங்காதரன் சார், இதையும் மாத்திட்டானுங்க!”

கங்காதரன் அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருபது வருஷம் தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திவிட்டு, பிறகு சொந்தமாக பம்புப் பட்டறை வைத்தவர். மெஷின் ஏன் கெட்டது என்று கேட்டு வருகிறவர்களைவிட, யார் கெடுத்தார்கள் என்று கேட்டு வருகிறவர்களே அவரிடம் அதிகம். அந்த 1984ஆம் வருஷத்துக் கோடையில் மட்டும் இவர் மூன்றாவது ஆள்.

“இன்னா மாத்திட்டாங்க, பாய்? முதல்லேர்ந்து சொல்லுங்க.”

வஹீத்துக்குப் பேரணாம்பட்டு எல்லையில் தோல் தொழிற்சாலை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் சென்னைத் துறைமுக ஏலத்தில் ஒரு பழைய வெளிநாட்டு லோடர் எடுத்திருந்தார். முன்னால் வாளி வைத்த குட்டி வண்டி. ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு லீவர்கள்தான். இடது லீவர் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வலது லீவர் வலப்பக்கத்துக்கு. எஞ்சின் சுழற்றும் பம்பு எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் அழுத்தத்தில்தான் சக்கரங்கள் ஓடும். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவதால் தொழிலாளிகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் சேறு அள்ள அதைப்போல் ஆள் கிடையாது.

“நாலு வாரமா சனிக்கிழமை ஆனா கத்துது, சார். எந்த லீவரைத் தொட்டாலும் கத்துது. சும்மா நின்னாலும் கத்துது. சாயங்காலம் வரைக்கும் ஒரே பேஜார். ஞாயித்துக்கிழமை பார்த்தா வாயே திறக்காது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அப்ப அந்த லீவுல எவனோ வந்து ஏதோ பண்றான், இல்லையா? இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி கத்தினதும் நானே டேங்கைத் திறந்து எண்ணெயை இதுல மொண்டேன். மோர் மாதிரி வெள்ளையா இருந்தது. தண்ணி கலந்திருக்கான். இப்ப பாருங்க!”

பாட்டிலுக்குள் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. கங்காதரன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வழியில எங்கயாவது வண்டியை நிறுத்தினீங்களா?”

“குடியாத்தத்துல ஒரு டீ. அப்ப மட்டும் பாட்டில் சீட்ல இருந்தது.” வஹீத்தின் குரல் தாழ்ந்தது. “கார் டிரைவர் அங்கதான் இருந்தான். அவனும் அவன் தோஸ்துதான்.”

“யாரோட தோஸ்து?”

“பச்சையப்பனோட. நண்டு ஓட்டறவன். அவன் வேலைதான் இது. வெள்ளிக்கிழமை பக்கெட்டைத் தூக்கிட்டு வண்டி பின்னால நின்னதை வாட்ச்மேன் கண்ணால பார்த்திருக்கான். அவனை ஆபீஸ் ரூம்ல உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன். புகார் எழுதியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சாயங்காலம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவேன்.”

இதுவரை வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த அருணகிரி, அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். பக்கத்துக் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஐம்பது வயதுக்காரர். சந்தேகப்படுவது அவருக்கு வெற்றிலை போடுவதுபோல. வாய் சும்மா இருக்காது.

“வாத்தியாரே, கார் டிரைவரை நான் கவனிச்சுக்கறேன்,” என்று சொல்லிக் கடை ஷட்டரை இழுக்கப் போனார்.

கார் டிரைவர் பாவம், மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு போகிற வழியெல்லாம் அருணகிரியின் கண்ணைத் தன் முதுகில் சுமந்துகொண்டு ஓட்டினான்.

“கடைசி ரெண்டு மாசத்துல நண்டுல என்னென்ன மாத்தினீங்க?” என்று கங்காதரன் கேட்டார்.

“ஒன்னுமே மாத்தல. ரெண்டாவது தடவை கத்தினப்ப எண்ணெயை மட்டும் முழுசா மாத்தினேன். அதுக்கு முன்னால, சித்திரை பிறந்த சமயம், எண்ணெய் ஃபில்டரைக் கழட்டிக் கழுவிப் போட்டோம். அவ்வளவுதான்.”

குடியாத்தம் தாண்டியதும் சாலையோரம் ஒரு அடிபம்பைக் காட்டி வஹீத் சற்று முகம் மலர்ந்தார். “அதுக்குள்ள இருக்கற வாஷர் என் தோலு, சார். இந்தப் பக்கத்துல பாதி பம்புக்கு நம்ம தோலுதான். பத்து வருஷமானாலும் ஒன்னும் ஆகாது. ரப்பரெல்லாம் எதுக்காகும்?”

கங்காதரன் தலையை ஆட்டினார்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அங்கே என்ன நோய் பரவியிருக்கிறது என்பது தெரிந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாமவன் திரும்பிப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தனித்தனியாக டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு பழைய மெஷின் கத்தியதற்கு இத்தனை பேர் வாயடைத்துப் போனது அநியாயம்தான்.

வாட்ச்மேன் தனகோடி தயாராக இருந்தான். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன கதை.

“போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிங்க. மத்தியானம் வெயில் கொளுத்துது. இவரு பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தாரு. வண்டிப் பின்கதவைத் திறந்தாரு. ஊத்தினாரு. நான் கேட்டதுக்கு, வண்டி கழுவறேன்னாரு. லீவு நாள்ல எவன் சார் வண்டி கழுவுவான்?”

“மறுநாள் சனிக்கிழமை வண்டி எப்படிக் கத்திச்சு?”

தனகோடி யோசித்தான். “அந்தச் சனிக்கிழமையா?”

“இதெல்லாம் அவனுக்குத் தெரியாது, சார்,” என்று வஹீத் குறுக்கிட்டார். “அந்தச் சனி கத்தல. போன சனி கத்திச்சு, இன்னைக்கும் கத்திச்சு. விஷம் ஏற டைம் ஆகும்ல?”

“போன வெள்ளி, நேத்து வெள்ளி, பச்சையப்பன் வந்தாரா?”

“வந்தாருங்க, ரெண்டு தடவையும்,” என்றான் தனகோடி. “முதலாளி உள்ள விடாதேன்னு உத்தரவு போட்டிருந்தாரு. கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டேன்.”

அருணகிரி கங்காதரனின் காதோடு சொன்னார்: “வாத்தியாரே, விட்டிருந்தா இன்னும் ஊத்தியிருப்பான். ஆள் கில்லாடி.”

அடுத்து ஃபிட்டர் சம்பந்தம். அவன் கையில் ஸ்பேனர் இருந்தது, கண் தரையில் இருந்தது. சித்திரையில் ஃபில்டரைக் கழற்றிப் போட்டது அவன்தான்.

“போடறப்ப எல்லாம் பழைய சாமான்தானா?” என்று கேட்டார் கங்காதரன்.

சம்பந்தம் ஒரு கணம் வஹீத்தைப் பார்த்தான். “முதலாளி குடுத்ததைப் போட்டேங்க,” என்றான். அதற்குமேல் பேசவில்லை. முதலாளி முன்னால் அதிகம் பேசுகிறவன் அடுத்த குற்றவாளி ஆகிவிடக்கூடும் என்று பயந்தான் போலிருக்கிறது.

“பார்த்தீங்களா முழியை?” என்றார் அருணகிரி. “ரெண்டு பேரும் கூட்டு!”

ஆபீஸ் ரூமில் பச்சையப்பன் காலை எட்டு மணியிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது, சுண்ணாம்பு பட்டு வெடித்த கைகள். எதிரே புகார்க் காகிதம் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று இந்த வாசலைப் போலீஸ்காரனோடு தாண்டினால், பேரணாம்பட்டில் எந்தத் தோல் மண்டியும் எந்தத் தொழிற்சாலையும் அவனை உள்ளே விடாது.

“பக்கெட்ல இன்னா இருந்தது, பச்சையப்பன்?”

“தண்ணிங்க.”

“எங்க ஊத்தினீங்க?”

“மேலதாங்க. உள்ள எங்கயும் ஊத்தல. தினம் சாயங்காலம் வேலை முடிச்சதும் சுண்ணாம்புச் சேறு காயாம இருக்க ஹோஸ் போட்டு அடிப்போம். வெள்ளிக்கிழமை மட்டும் அடிக்கறதில்ல. கழுவின மறுநாள் சும்மா இருக்கு, கழுவாத மறுநாள் கத்துது. அதான் சூடு தாங்காம கத்துதோன்னு வந்து ஊத்திப் பார்த்தேன். ஏன்னு எனக்குத் தெரியாதுங்க. சொன்னா சிரிக்கறாங்க.”

கங்காதரன் சிரிக்கவில்லை. “வாங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க.”

“அவனா? அவன் கையில மறுபடியும் வண்டியா?” என்று வஹீத் பதறினார்.

“அவரைவிட்டா அதோட பேச்சு புரிஞ்சவங்க இங்க யாரு, பாய்? எல்லாரையும் வரச் சொல்லுங்க. கிரீஸ் ஒரு டப்பா வேணும்.”

சுண்ணாம்புக் குழிக்குப் பின்னால் நிழலே இல்லாத வெட்டவெளியில் நண்டு நின்றது. எழுபது பேர் வட்டமாகக் கூடினார்கள். எஞ்சின் பிடித்ததும் அதன் வயிற்றிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் கிளம்பிற்று; பல்லைக் கூசவைக்கும் சத்தம்.

“இடது மட்டும்,” என்றார் கங்காதரன். கத்தியது. “வலது மட்டும்.” கத்தியது. “லீவரை விட்டுருங்க.” அப்போதும் கத்தியது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் சத்தமும் ஏறியது.

“கேட்டீங்களா? சக்கரத்து மோட்டார்ல கோளாறுன்னா ஒரு பக்கம்தான் கத்தும். சும்மா நிக்கறப்ப கத்தாது. ரெண்டு பக்கமும், நின்னாலும் கத்துதுன்னா, எல்லாத்துக்கும் எண்ணெய் அனுப்பற பம்பே பட்டினியில இருக்கு. எண்ணெய் உறிய வேண்டிய இடத்துல காத்தை உறியுது. அந்தக் காத்துதான் எண்ணெய்ல நுரையாகி, காலைல உங்களுக்கு மோர் மாதிரி தெரிஞ்சது.”

“அப்ப பாட்டில்?”

“யாரும் மாத்தல. மூணு மணி நேரத்துல நுரை அடங்கிடுச்சு. தண்ணியா இருந்தா அடியில தங்கியிருக்கும். பார்த்தேன், ஒரு சொட்டு இல்ல. உங்க கார் டிரைவர் குடியாத்தத்துல டீதான் குடிச்சாரு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அருணகிரி வானத்தைப் பார்த்தார்.

“இப்ப வெள்ளிக்கிழமைக்கு வருவோம். முதல் ரெண்டு வெள்ளி, யாரும் வரல. மறுநாள் கத்திச்சு. மூணாவது வெள்ளி, பச்சையப்பன் தண்ணி ஊத்தினாரு. மறுநாள் கத்தல. அடுத்த ரெண்டு வெள்ளி அவரை உள்ள விடல. கத்திச்சு.”

“கணக்கு இடிக்குதே, சார்,” என்றார் வஹீத். “நாலு வாரம்னுதானே சொன்னேன்?”

“கத்தின சனிக்கிழமையை மட்டும் எண்ணினீங்க, பாய். கத்தாத சனிக்கிழமையை விட்டுட்டீங்க. மொத்தம் அஞ்சு வாரம். விட்ட வாரத்துலதான் விடை இருக்கு. பச்சையப்பன் வந்ததால வண்டி கெடல. அவர் வந்த ஒரே வாரம்தான் நல்லா இருந்தது.”

வட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தனகோடி தன் தடியைக் கைமாற்றிக்கொண்டான்.

“வெயில்ல ஒரு நாள் காய்ஞ்சா சுருங்கி வழிவிடும், தண்ணி பட்டா ஊறி அடைச்சுக்கும். அப்படி ஒரு சாமான் இந்த வண்டிக்குள்ள இருக்கு. ரப்பர் அப்படிப் பண்ணாது. கார்க் தக்கையும் இவ்வளவு பண்ணாது.”

காற்று புகும் வழியைத் தேடி அவர் விரலில் கிரீஸை எடுத்து, பம்புக்குப் போகும் ஹோஸின் முனையில் தடவினார். சத்தம் மாறவில்லை. மறுமுனையில் தடவினார். மாறவில்லை. ஃபில்டர் மூடியைச் சுற்றி, விளிம்பு தெரியாமல் அப்பினார். சத்தம் தடுமாறியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றே போயிற்று. எஞ்சின் மட்டும் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

எஞ்சினை அணைத்துவிட்டுச் சம்பந்தம் மூடியைக் கழற்றினான். அடியிலிருந்து கங்காதரன் ஒரு வளையத்தை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். பழுப்பு நிறம், வெளிவிளிம்பு காய்ந்து அப்பளம்போல் நெளிந்திருந்தது.

“தோல்,” என்றார். “வண்டி நிக்கறப்ப எண்ணெய் டேங்குக்கு இறங்கிடும், இது வெயில்ல தனியா காயும். அடிபம்பு வாஷரும் இப்படித்தான். காய்ஞ்சுட்டா தண்ணி ஊத்தாம இழுக்காது. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.”

“நீதானே போட்ட!” என்று அருணகிரி சம்பந்தத்தின் மேல் பாய்ந்தார்.

“போட்டது அவர். வெட்டினது வேற கை,” என்றார் கங்காதரன். “விளிம்பைப் பாருங்க, ஒரு பிசிறு இல்ல. தோல் தெரிஞ்ச கை.”

வஹீத் முன்னால் வந்து அந்த வளையத்தை வாங்கினார். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார். “பழைய வளையம் கிழிஞ்சு போச்சு. மெட்ராஸ்ல கேட்டா கப்பல்ல வரணும்னான். என் ஷூ தோல்லயே நல்லதா ஒன்னு எடுத்து நானே வெட்டினேன். இது கெடும்னு எனக்குத் தோணவே இல்ல, சார். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். கார் ஓட்டறவனைக்கூட விடல. என் தோலை மட்டும் சந்தேகப்படல.”

பிறகு அவர் பச்சையப்பன் பக்கம் திரும்பினார். எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“தப்பு என்னுது, பச்சையப்பா. எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ திருடனும் இல்ல, கெடுக்கறவனும் இல்ல. உன்னைப் பேசினதுக்கு என்னை மன்னிச்சுடு. நாளைக்கு வேலைக்கு வா.”

பச்சையப்பன் வண்டியை விட்டு இறங்கினான். கீழே கிடந்த கிரீஸ் டப்பாவை எடுத்து மூடினான். அவனுக்கு அழுகை வந்தது; அடக்கிக்கொண்டான்.

“வர்றேன், முதலாளி,” என்றான். “ஞாயித்துக்கிழமைலேர்ந்து வியாழக்கிழமை வரைக்கும், சனிக்கிழமையும், எப்பவும்போல வர்றேன்.”

வஹீத் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“ஆனா லீவு நாள்ல, வண்டி என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு பக்கெட்டைத் தூக்கிட்டு இனிமே வரமாட்டேன். அதுக்கு மட்டும் என்னை எதிர்பார்க்காதீங்க.”

அவன் கும்பிட்டுவிட்டு கேட்டை நோக்கி நடந்தான். தனகோடி ஓடிப்போய்க் கதவை முழுதாகத் திறந்துவிட்டான். புதிய ரப்பர் வளையத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அருணகிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வஹீத் காதில் அது விழவில்லை. அவர் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.