நான் எஸ்ஸவீராவுக்குப் போனேன்

பேய்க்கதை என்றால் மழை பெய்ய வேண்டும், கரண்ட் போக வேண்டும், எங்கோ நாய் ஊளையிட வேண்டும். எனக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அக்டோபர் மாதம், மத்தியானம் இரண்டு மணி, டாலஸ் பக்கத்துக் காப்பெலில் கண் கூசும் வெயில். டாக்ஸிக்காரர் என் பெட்டியைக் கராஜ் பக்கம் இறக்கி வைத்துவிட்டுப் போனார். எதிர் வீட்டில் யாரோ மெஷின் வைத்து இலைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

தைல வாசனை அடித்தது.

என் கணவர் சிவராமகிருஷ்ணன் முதுகுவலிக்குத் தினமும் தேய்த்துக்கொள்ளும் தைலம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாட்டில்களை எல்லாம் நானே குப்பையில் போட்டிருந்தேன். பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த வீடு, கார்ப்பெட்டில் ஊறியது இப்போது கிளம்புகிறது என்று நினைத்து ஏசியைத் தட்டிவிட்டேன்.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு. அவர் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் என்னை எங்கேயும் போக விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பழைய பத்திரிகையில் மொராக்கோ படங்களைப் பார்த்திருந்தேன். மண்ணாலேயே கட்டிய ஓர் ஊர். கடலைப் பார்த்து வரிசையாகப் பீரங்கி வைத்த ஒரு மதில். ஒரு தடவையாவது அங்கே போய் நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே பதில்.

"அங்க என்ன இருக்கு ஜலஜா? யூட்யூப்ல போட்டா வீட்லயே பாத்துக்கலாம்."

இரண்டு தடவை நான் புக் பண்ணிய டிக்கெட்டை என்னைக் கேட்காமலே கேன்சல் பண்ணினார். அதை ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். மூன்றாவது தடவை கேன்சல் பண்ண அவர் இல்லை. ஐம்பத்தொன்பது வயதில், ஏழு பெண்களோடு கிளம்பிவிட்டேன். ஃபெஸ், நீலம் பூசிய ஷெஃப்ஷாவென், மராகேஷ், மண்கோட்டை ஊரான ஐத் பென் ஹத்து, கடைசியாகக் கடலோர எஸ்ஸவீரா. ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு வீடு திரும்பியிருந்தேன்.

காபி கலந்துகொண்டு சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் படங்களைத் திறந்தேன்.

முதல் படம் ஷெஃப்ஷாவென் படிக்கட்டு. சுவர், படி, பூந்தொட்டி எல்லாம் நீலம். மஞ்சள் துப்பட்டா போட்டுக்கொண்டு நான் அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது இப்போதும் வலித்தது.

படத்தில் படிக்கட்டு காலியாக இருந்தது.

வேறு படமாக இருக்கும் என்று அடுத்ததற்குத் தள்ளினேன். ஃபெஸ் நகரத்துச் சந்து, சுமையோடு கழுதை, ஒதுங்கி நின்ற என்னைக் காணோம். எஸ்ஸவீரா மதிலில் குழுவாக எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கினேன். பீரங்கிக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். என் அறைத் தோழி குமுதினி சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டி, பக்கத்தில் நிற்பவரின் தோளை அணைத்திருந்தாள்.

அந்தக் கைக்குள் யாரும் இல்லை. கை அந்தரத்தில் வளைந்து நின்றது.

மாடியில் செருப்புச் சத்தம் கேட்டது. சரக், சரக். குளியலறையிலிருந்து படுக்கையறை வரைக்கும் நடந்து, நின்றுவிட்டது.

சான் ஹோசேயில் இருக்கும் என் பிள்ளை சுஹாஸுக்கு ஃபோன் போட்டேன். தினமும் ராத்திரி அவனுக்குத்தான் வாட்ஸ்அப்பில் படமும் கதையுமாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"சுஹாஸ், வீட்டுக்கு வந்துட்டேன்டா. நான் அனுப்பின ஃபோட்டோவுல நான் இருக்கேனான்னு கொஞ்சம் பாரேன்."

"வாட் ஃபோட்டோஸ், அம்மா?"

"மொராக்கோ ஃபோட்டோடா."

அவன் பக்கம் லேப்டாப் மூடும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீ போகவே இல்லையே. யூ கேன்சல்ட். முட்டி வலின்னு சொன்னியே. ஆர் யூ ஓகே? ஷுட் ஐ கம்?"

வேண்டாம் என்று வைத்துவிட்டு, பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். காஸாப்ளாங்காவில் ஓர் இளைஞன் ஓங்கிக் குத்திய முத்திரை இருந்த பக்கம் வெள்ளையாக இருந்தது.

அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். ஐத் பென் ஹத்துவில், மண்வீட்டு வாசலில் உட்கார வைத்து, ஒரு பெர்பர்ப் பழங்குடிப் பெண் எனக்கு மருதாணி வைத்துவிட்டிருந்தாள். காலையில் விமானத்தில்கூடச் செக்கச்செவேல் என்று இருந்தது.

விரல் நுனியிலிருந்து அது மறைந்துகொண்டு வந்தது.

ஒவ்வொரு கோடாக.

யாரோ பொறுமையாகத் துடைப்பதுபோல.

பொய் சொல்லவில்லை, எனக்கு அழுகை வந்தது. செத்துப்போன மனிதர் என் கழுத்தை நெரித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நான் போய் வந்த ஒரே ஒரு பயணத்தை என்னிடமிருந்து பிடுங்குகிறார். வழக்கம்போலச் சத்தம் போடாமல் கேன்சல் பண்ணுகிறார்.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் குமுதினியை அழைத்தேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, பல் டாக்டர். பதினொரு ராத்திரி நானும் அவளும் ஒரே அறையில்தான் படுத்திருந்தோம்.

"ஓம் ஜலஜா, சொல்லுங்கோ," என்றாள். "நானும் இப்பதான் வந்து சேந்தனான். நீங்கள் வராதது எனக்குப் பெரிய கவலை. ரூமில தனியத்தான் படுத்தனான்."

"குமுதினி, என்ன சொல்றீங்க? நான் உங்க பக்கத்து கட்டில்ல படுத்திருந்தேன்."

"நீங்கள் கடைசி நேரத்தில வரேல்லை எண்டு சொல்லிப்போட்டீங்களே." அவள் குரல் இறங்கியது. "ஜலஜா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையே?"

டிவி தானாக ஆன் ஆனது.

நான் ரிமோட்டைத் தொடவில்லை. திரையில் ஃபெஸ் நகரத்துச் சந்து. யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், பின்னால் கிதார் இசை. என் கணவர் சாய்ந்து படுக்கும் ரிக்ளைனர் நாற்காலி டிவிக்கு எதிரே இருந்தது. அவர் உயிர் போனதும் அதில்தான். அதன் கால் பலகை மெதுவாக மேலே எழும்பி, டக்கென்று நின்றது.

தைல வாசனை தொண்டையை அடைத்தது.

"உக்காரு," என்றது ஒரு குரல். அதட்டல் இல்லை. சாப்பிடும்போது பேசும் அதே குரல். "வீட்லயே பாத்துக்கலாம்."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். கால் அசையவில்லை. வீடியோவைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ மாறியது. நான் ஃபெஸ்ஸில் நடந்ததை நினைத்தால் அது நான்கு மூலை வைத்த சட்டத்துக்குள் தெரிந்தது. ஓரத்தில் லைக் பட்டன்கூட இருந்தது. அந்த நீல ஊரின் பெயரைத் தேடினேன். சற்று முன்புவரை நாக்கில் இருந்த பெயர். கிடைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"ஏங்க," என்றேன், ரிக்ளைனரைப் பார்த்து. "ஃபெஸ்ல தோல் பதனிடற எடத்துக்குப் போனேன். நாத்தம் குடலைப் புடுங்கிச்சு. மூக்குல வெச்சுக்கச் சொல்லி ஒரு கொத்து புதினா குடுத்தாங்க. அது உங்க வீடியோல வருமா?"

திரையில் ஒரு கை புதினாக் கொத்தை நீட்டியது.

என் மூக்கில் இருந்த புதினா மணம் நின்றுபோனது. அது எனக்கு டிவியில் பார்த்த இலையாகிவிட்டது.

மண்கோட்டை ஊரின் உச்சிக்கு ஏறியதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு முன்பே திரையில் அந்த ஊர் வந்தது. அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. புதினா, படிக்கட்டு, மண்கோட்டை, மருதாணி, எல்லாவற்றையும் நான் சுஹாஸுக்கு எழுதியிருந்தேன். யாருக்காவது காட்டியதையும் சொன்னதையும்தான் இவர் துடைக்கிறார். இவருக்குத் தெரிந்ததைத்தான் இவரால் கேன்சல் பண்ண முடிகிறது.

நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது ஏதாவது உண்டா?

இருந்தது. ஒன்றே ஒன்று.

ஃபோன் இன்னும் கையில்தான் இருந்தது. குமுதினி "ஜலஜா, ஜலஜா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"குமுதினி, எஸ்ஸவீராவுல துறைமுகம். ஊதா நீலத்துல படகு நிறைய நிக்குது. பகல் சாப்பாட்டு நேரம். மத்தவங்க எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிட்டாங்க. நீங்களும் நானும் மட்டும்."

"ஓம், நான் தனியத்தான்…"

"கரி அடுப்புல மத்தி மீன் சுட்டுட்டு இருந்தாங்க."

ரிக்ளைனர் கிரீச்சிட்டது.

எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்குக்கே அனுமதி இல்லை. சுஹாஸ் பள்ளியில் சிக்கன் சாப்பிட்டான் என்று தெரிந்தபோது மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தவர் இந்த மனிதர். நான் எழுந்து நின்றேன். கால் அசைந்தது.

"நான் சாப்பிட்டேங்க," என்றேன், இப்போது நேராக அவரிடம். "உப்பும் எலுமிச்சம்பழமும் புழிஞ்சு, தோல் கருகிப்போன மத்தி மீன். கையாலயே சாப்பிட்டேன். எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. கடல்காத்து மூஞ்சில அடிக்குது, கடல்புறா ஒண்ணு என் தட்டுலேர்ந்து மீன் வாலைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அவ்ளோ ருசி. என் ஜென்மத்துல அப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல."

டிவியில் படம் நடுங்கியது. ஒரு துறைமுகம் வந்தது, போனது. படகுகள் வந்தன. மீன் வரவில்லை. தேடுகிறார் என்று தெரிந்தது. அவருக்கு அது எங்கேயும் கிடைக்கவில்லை.

"ஒண்ணு இல்லைங்க. ரெண்டு…"

"மூண்டு!" என்று ஃபோனில் கத்தினாள் குமுதினி. "ஐயோ ஜலஜா, மூண்டு மீன் சாப்பிட்டனீங்கள்! முள்ளு எடுத்துத் தந்தது நான்தானே! ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினனீங்கள்! கடவுளே, நான் ஏன் நீங்கள் வரேல்லை எண்டு சொன்னனான்?"

ரிக்ளைனரின் கால் பலகை படாரென்று மூடிக்கொண்டது.

டிவி அணைந்தது.

எதிர் வீட்டு மெஷின் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. ஷெஃப்ஷாவென், ஷெஃப்ஷாவென் என்று இரண்டு முறை உரக்கச் சொன்னேன். பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தது. உள்ளங்கையில் மருதாணி சிவந்து கிடந்தது. மதில் படத்தில் குமுதினியின் கைக்குள் நான், மஞ்சள் துப்பட்டா காற்றில் பறக்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து நானே கொஞ்சம் அழுதேன்.

சுஹாஸ் மறுநாளே வந்து இறங்கினான். ஃபோனில் என் குரல் சரியில்லை என்று கிளம்பி வந்தானாம்; நான் போகவே இல்லை என்று தான் சொன்னது மட்டும் அவனுக்கு ஞாபகம் இல்லை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். மாட்டேன் என்றேன். முப்பத்தொரு வருஷம் அவருக்குப் பயந்தது போதும். சிரித்துக்கொண்டே மீன் கதையை அவனுக்கும் சொன்னேன், ஹாலில், ரிக்ளைனருக்குப் பக்கத்தில் நின்று. இனிமேல் எனக்கு ரகசியம் தேவையில்லை.

பிப்ரவரியில் துனீசியாவுக்கு டிக்கெட் போட்டேன். கைரவான் நகரத்துப் பழைய பள்ளிவாசல், வெள்ளையும் நீலமுமாகக் கடலுக்கு மேல் நிற்கும் சிடி பூ சயீத், பெர்பர்கள் இன்னும் வாழும் ஜெர்பா தீவு. இந்தத் தடவை குழு கிடையாது. நான் மட்டும்.

விமானம் டாலஸிலிருந்து காலை பதினொரு மணிக்கு. எனக்கு ஜன்னல் சீட். நடு சீட் காலி. பணிப்பெண் கதவைச் சாத்தினாள். விமானம் மெதுவாக ஓடுபாதைக்குத் திரும்பியது. வெளியே நல்ல வெயில்.

நடு சீட்டின் மெத்தை அமுங்கியது.

தைல வாசனை.

என் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஐஸ்போலச் சில்லிட்ட கை. எலும்பு நொறுங்குகிற பிடி. எழுந்துவிடு என்கிற பிடி. வாயைத் திறந்து கத்தியிருப்பேன், ஆனால் அதற்குள் ஒன்றைக் கவனித்தேன்.

அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜின் உறுமியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சக்கரம் தரையை விட்டது.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோங்க," என்றேன். "இனிமே எறங்க முடியாது."

ஜன்னல் திரையை முழுக்கத் திறந்துவிட்டேன். அட்லாண்டிக் கடல் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. கடல் வந்த பிறகும் எடுக்கவில்லை.