உங்க ஊதா, எங்க ஊதா

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் கடையில் எல்லோரும் நினைத்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, துப்பட்டாவால் மூடிய எதையோ இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் அதை மேஜைமேல் ‘டங்’கென்று வைத்தாள். பெயிண்ட் டின்!

“யாருங்க இந்த கலரைக் கலந்தது?”

கலவை மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். “நான்தாங்க.”

“கண்ணு தெரியுமா உங்களுக்கு?”

“போன வருஷம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். நல்லா இருக்குன்னார்.”

“நான் ஃபோன்ல என்ன கலர் கேட்டேன்?”

“ஊதா.”

“இது ஊதாவா?”

“ஊதாதாங்க.”

“இது கத்தரிப்பூ கலர்!”

“கத்தரிப்பூ ஊதாவாத்தானே இருக்கும்?”

“ஐயோ... வானம் என்ன கலர் சொல்லுங்க?”

அவன் வாசலை எட்டிப் பார்த்தான். “இப்பவா? சாம்பல்.”

“மழை இல்லாதப்போ!”

“நீலம்.”

“அதைத்தாங்க நாங்க ஊதான்னு சொல்வோம்!”

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்தபோதுதான் பார்த்தாள்... அவனுடைய இமை முடி ஒன்றில் ஒரு துளி வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் அதுவும் கூடவே எழுந்து விழுந்தது. திட்டுவதற்கு வைத்திருந்த மீதி வார்த்தைகள் எங்கே போயின என்று அவளுக்கே தெரியவில்லை.

“சரிங்க. உங்க ஊதா வேற, எங்க ஊதா வேற” என்றான். கலந்த பெயிண்டைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அந்தக் கடையில் கிடையாது. இருந்தும் டின்னை வாங்கித் துடைத்து மேல் தட்டில் வைத்தான். “இருக்கட்டும். யாருக்காவது வேண்டியிருக்கும்.”

மழை விட்டபிறகு கிளம்பியிருக்கலாம். அவள்தான் கிளம்பவில்லை. இதை விதி என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்று வேண்டுமானால் சொல்லலாம்... எடுத்த காரியத்தை முடிக்காமல் போகமாட்டாளாம்!

காரியம் இதுதான். வீட்டு மாடியில் அப்பா புதிதாக இரண்டு அறை கட்டியிருந்தார். அடுத்த மாதம் கல்யாணமாகி அவளும் மாப்பிள்ளையும் குடியிருக்கப்போகிற அறைகள். ‘படுக்கை அறைக்கு நீலம் அடிச்சிடுங்க, எங்க பையனுக்கு அதான் பிடிக்கும்’ என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்லிவிட்டுப் போனாள். பெண் வீட்டார் அதைத் தங்கள் பாஷையில் ஊதா என்று மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பெரியவள் ஒருத்தி இருந்தாள். மூன்று வருடம் முன்னால், எனக்குப் பிடித்தவனை நானே பார்த்துக்கொண்டேன் என்று சபையில் சொல்லிவிட்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அப்பா தலை நிமிர்ந்து சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் கை கழுவப் போனவர் சின்னவளிடம் நின்று, “நீயாவது...” என்றார். முடிக்கவில்லை. அந்த முடிக்காத வார்த்தைக்குத்தான் அவள் இந்த மாப்பிள்ளைக்குச் சரியென்று தலையாட்டினாள். தலையாட்டியதோடு சரி, மாப்பிள்ளை முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஷேட் கார்டில் நீலம் மட்டும் நாற்பத்திரண்டு இருந்தன. “சுவத்துல வச்சுப் பார்க்காம கலர் முடிவு பண்ணக் கூடாதுங்க” என்று கலவைக்காரன் மறுநாள் மேஸ்திரியோடு வீட்டுக்கே வந்தான். மேஸ்திரி என்றால், அந்த வீட்டுக்குச் சுண்ணாம்புக் காலத்திலிருந்து பெயிண்ட் அடிக்கிறவர். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆறு நீலத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பூசினார்கள்.

“இது எப்படி?”

“ஆஸ்பத்திரி.”

“இது?”

“ஸ்கூல் யூனிஃபார்ம். படுத்தா வாய்ப்பாடு ஞாபகம் வரும்.”

“அப்போ இது?”

“யாரோ இங்க் புட்டியைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கு.”

“நீங்க கலர் பார்க்கறீங்களா, சுவத்துகிட்ட வம்பு பண்றீங்களா?”

“ரெண்டும்தான்!”

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க” என்றான் அவன். “காய்ஞ்சா கருத்துரும். நாளைக்குக் காலையில ஜன்னலைத் திறந்து பாருங்க, சாயங்காலம் லைட்டைப் போட்டும் பாருங்க. ரெண்டு நேரமும் பிடிச்சாத்தான் அது உங்க கலர்.”

காலையிலும் பார்த்தாள், மாலையிலும் பார்த்தாள். பிடித்திருந்தது... சுவரைச் சொல்லவில்லை!

இரண்டு வாரத்தில் ஆறு முறை கடைக்குப் போனாள். “ஒரு சுவத்துக்கு இத்தனை நடையா?” என்று அம்மா அலுத்துக்கொண்டாள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலத்தை விட்டால் கலங்குமே, அப்படிச் சின்னவள் கலங்கிப்போயிருந்தாள். வானத்தைப் பார்த்தால் மனசுக்குள் ‘நீலம்’ என்றது. கத்தரிப்பூவைப் பார்த்தால் ‘ஊதா’ என்றது. பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு, அவனுக்காகச் சத்தமில்லாமல் மாறிப்போயிற்று. கடையில் மட்டும் வேண்டுமென்றே, “எங்க ஊதா ரெடியா?” என்று கேட்பாள். அவன் சிரிக்கும்போது அந்த இமைகளைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

கடைசியில் ஒரு நீலம் நிலைத்தது. நாலு நாலு ஒண்ணு ஏழு. எண்ணை எழுதிக்கொண்ட அவன், பேனாவை மூடாமலே நின்றான்.

“ஒண்ணு கேட்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அந்த ரூம்ல இருக்கணும்னு உங்களுக்கு... ஆசையா இருக்கா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்தான் நிறைந்தது. “என்னால வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாதுங்க. அக்கா சொன்னதுக்கே அப்பா பாதியாயிட்டார்.”

“நீங்க சொல்லவே வேண்டாம்.” அவன் பேனாவை மூடினான். “நாளைக்கு மேஸ்திரி கலர் வாங்க வருவார். அந்த ரூம் கலரைக் கேட்டு அனுப்புங்க... வாழ்த்துன்னு சொல்லி அனுப்பிடறேன், அப்புறம் உங்க தெருப் பக்கமே வர மாட்டேன். இல்ல... அந்த முதல் நாள் டின்னைக் கேட்டு அனுப்பினீங்கன்னா, அதை நானே தூக்கிட்டு வர்றேன். உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். திட்டினா நான் வாங்கிக்கறேன். ஆனா முதல் வார்த்தை உங்ககிட்டேர்ந்து வரணுங்க. நான் ஒரு கடையில கலர் கலக்கறவன். கூப்பிடாத வீட்டுக்குள்ள வர மாட்டேன்.”

மறுநாள் காலையில் மாடிப்படியில் மேஸ்திரியை நிறுத்தினாள். ‘கத்தரிப்பூ கலர்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. சே, அவன் வார்த்தை அதுவல்லவே! தன்னை அவனிடம் ஒப்புக்கொடுக்கிற நேரத்தில், அவன் பேச்சிலேயே பேச வேண்டும் என்று ஆசை வந்தது பாவிப் பெண்ணுக்கு.

“கடையில போய், ஊதா வேணும்னு சொன்னேன்னு சொல்லுங்க.”

“ஊதாவாம்மா?”

“ஆமா. ஊதா. மாத்திக் கீத்திச் சொல்லிடாதீங்க, அப்படியே சொல்லணும்.”

நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இடி விழப்போகிறது என்று பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி தனியாக வந்தார். கையில் ஒரு டின். உள்ளே என்ன கலர் என்று தெரிவதற்காக, கலந்தவர்கள் மூடிமேல் விரலால் ஒரு பொட்டு வைத்து அனுப்புவார்கள். இந்த மூடியிலும் பொட்டு இருந்தது. நீலப் பொட்டு.

“அவர்... வேற எதுவும் சொன்னாரா?”

“கல்யாணத்துக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாரும்மா. பாவம், தம்பிக்கு உடம்பு சரியில்ல போல, முகமே நல்லா இல்ல.”

கடை பத்து நிமிட நடை. ஃபோன் கூடத்திலேயே இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. ‘கேட்டும் இல்லைன்னுட்டான். அப்பாவைப் பார்க்க பயந்துட்டான். இனிமே நான் போய்க் கெஞ்சணுமா?’ என்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, “ரெண்டு கோட்டா அடிச்சிடுங்க மேஸ்திரி” என்றாள்.

கல்யாணம் நடந்தது. மாடிக்கு வந்த மாப்பிள்ளை நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. நீலம் யார் கேட்டா? நான் எதுன்னாலும் சரின்னுதானே சொன்னேன்” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் நல்லவர். குடிக்கிறதில்லை, அதட்டுகிறதில்லை. எது சமைத்தாலும் சரி, எங்கே போனாலும் சரி. அவரைக் குறை சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்காமல் ஏழு வருடம் அந்த நீலத்துக்குள் கண் விழித்தாள்.

ஏழாவது வருட மழையில் ஜன்னல் சுவர் ஊறி, பெயிண்ட் உரிந்து கொட்டியது. பழைய கடையை மூடிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய கடை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவளே போனாள். உரிந்த சில்லு ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தாள். மேஜைமேல் அதைப் பிரித்தாள்.

“நாலு நாலு ஒண்ணு ஏழு” என்றது ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தாள். காதோரம் நரை. கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடிக்குள்ளே அதே இமைகள்.

“நல்லா இருக்கீங்களா?” என்றான்.

“ம்... நீங்க?”

“இருக்கேன். ரெண்டு பொண்ணுங்க.”

“எனக்கு ஒரு பையன்.”

அதற்கு மேல் என்ன பேசுவது? அவன் டின்னை மெஷினில் மாட்டினான். மெஷின் தடதடவென்று குலுக்க ஆரம்பித்தது. அவன் பழைய கேலியை எடுத்தான்.

“அதே ஊதாதான் இன்னும் சுவத்துல இருக்கா?”

“நீலம்தான்.”

அவன் திரும்பினான். “என்ன சொன்னீங்க?”

“நீலம்னேன்.”

“உங்க வீட்டுல அதை ஊதான்னுல்ல சொல்வீங்க?”

“எங்க வீட்டுல சொல்வாங்க. நான் சொல்லி வருஷக்கணக்காச்சு. நீங்க பூசிக் காட்டின அன்னிக்கே எனக்கு நீலம் நீலமாயிடுச்சு. கடையில உங்களைச் சிரிக்க வைக்கத்தான் ஊதான்னு...”

அவன் முகம் வெளுப்பதைப் பார்த்து நிறுத்தினாள்.

“அப்போ அன்னிக்கு...” அவன் மேஜைமேல் குனிந்தான். “மேஸ்திரிகிட்ட ஊதான்னு சொல்லி அனுப்பினீங்களே... அது?”

ஏழு வருடமும் ஒரே நொடியில் தலைகீழாகத் திரும்பியது.

“உங்க ஊதாங்க” என்றாள். “நான் கேட்டது உங்க ஊதா.”

“ஐயோ... நான் அதை உங்க ஊதான்னு நினைச்சேனே!”

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “அந்த டின்னை மேல இருந்து இறக்கி வச்சிருந்தேங்க. சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு வந்திருந்தேன். மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை கேட்டேன்... கத்தரிப்பூன்னு சொல்லலையான்னு. இல்ல தம்பி, ஊதான்னு அழுத்திச் சொன்னாங்கன்னார்.”

“ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?”

“நீங்க பண்ணியிருக்கலாமே?”

மெஷின் மட்டும் குலுக்கிக்கொண்டிருந்தது.

“அந்த டின் என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

“கடையை மூடினப்போ வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ஒரு சுவத்துக்குத்தான் வந்துச்சு. அந்த ஒரு சுவர் மட்டும் ஏன் ஊதான்னு வீட்டுல கேட்பாங்க. பெயிண்ட் பத்தலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

மெஷின் நின்றது. அவன் மூடியைத் திறந்து, விரலைத் தொட்டு, மூடிமேல் பொட்டு வைத்தான். அவளைப் பார்த்துக்கொண்டே வைத்ததில் பொட்டு கோடாக இழுத்துக்கொண்டது.

“உங்களை எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க” என்றாள் அவள். அழவில்லை. “ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கலர் பேரெல்லாம் இல்லாம இப்பவாவது நேரா சொல்லிடறேன். இதுக்கு ரெண்டு அர்த்தம் இல்லையே?”

“இல்லீங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “எனக்கும்தான்.”

டின்னை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சுள்ளென்று வெயில். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர்.

“பெயிண்ட் கிடைச்சுதா?”

“கிடைச்சுதுங்க.”

“என்ன கலர் வாங்கினே?”

மூடிமேல் இழுபட்டிருந்த நீலத்தைப் பார்த்தாள். கடைக்குள் அவன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஊதா” என்றாள்.

“எதுன்னாலும் சரி” என்று அவர் ஃபோனை வைத்தார்.