படக்கண்ணாடியில் மூன்றாவது ஆள்

அமெரிக்காவில் அச்சடித்த கண்ணாடியில் ஒரெஸ்தேயின் முகம் இருந்தது.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்த்தவள் டிர்ச்சேதான். ஜெனோவா துறைமுகத்தில் இறங்கிய, காசு போட்டு இரும்புக்குண்டைத் தட்டி ஆடும் பழைய பின்பால் மேசை. அதன் தலைப்பக்கம் நிற்கும் படக்கண்ணாடியில் ஒரு குத்துச்சண்டை மேடையும் சுற்றிலும் கூட்டமும். கூட்டத்தில் ஒருவன் தன் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலைச் சிவப்பு ஒயரால் சுற்றிக் கட்டியிருந்தான். பட்டறைத் தச்சன் ஒரெஸ்தே கட்டியிருந்தது போலவே. இடது புருவத்தில் உளி தெறித்த வடு. அதுவும் இருந்தது.

"ஏய் ஒரெஸ்தே, சிகாகோவுல உனக்கு எத்தன பொண்டாட்டிடா?" என்று படம் வரையும் லேயா கத்தினாள். பட்டறையே சிரித்தது. ஒரெஸ்தே கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"என் அளவுக்கு இவன் அழகில்ல" என்றான். சிரிப்பு மட்டும் வரவில்லை அவனுக்கு.

முதலாளி பராவெல்லி உள்ளே வந்தார். "அழகுப்போட்டிய அப்புறம் வச்சுக்கலாம். சுரண்டும்மா டிர்ச்சே. ஆகஸ்ட் லீவு அடைப்புக்கு முன்னாடி ரிமினிக்குப் பத்து மேசை போயாகணும்."

டிர்ச்சே சுரண்டினாள்.

பொலோன்யாவைச் சுற்றி அப்போது இப்படிப் பல பட்டறைகள் இருந்தன. புது மேசையை இறக்கினால் கட்டுபடியாகாது. அமெரிக்கக் குடிக்கடைகளில் தேய்ந்து கழிந்ததை மொத்தமாக வாங்கி, ஜெயித்தவனுக்கு இலவச ஆட்டம் தருவதைச் சட்டம் தடுத்ததால் அந்தக் கம்பியை அறுத்து, பெயரை மாற்றி, படத்தை மாற்றி, உள்நாட்டுச் சரக்கென்று கடற்கரைக் காப்பிக்கடைகளுக்கு விற்றார்கள். கண்ணாடியை மட்டும் எறிவதில்லை. படம் அதன் முதுகில்தான் அச்சாகியிருக்கும்: முதலில் முகங்களின் கோடுகள், மேலே நிறங்கள், அதன்மேல் வெள்ளை, கடைசியில் சாம்பல். சுரண்டுகிறவளுக்குத் தெரிவது அந்தச் சாம்பல்தான். அதனால் பிளேடுக்கு அடியில் யார் போகிறார்கள் என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

மறுநாள் ஒரெஸ்தே வேலைக்கு வரவில்லை.

அது சனிக்கிழமை, அடைப்புக்கு முந்திய கடைசி அரைநாள். டிர்ச்சேயின் புருஷன் நேரியோ பட்டறை லாரியை எடுத்துக்கொண்டு கடைசிச் சுமைக்காக ஜெனோவா போயிருந்தான்; மத்தியானம் திரும்பிவிடுவான். விடிந்தால் இருவரும் செசெனாத்திக்கோ கடற்கரைக்குப் போகிறார்கள், ஒரு வாரம். கல்யாணமாகி நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. காலையில் வந்ததும் வழக்கம்போல அடுத்த பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, கவிழ்த்த வாக்கிலேயே தூக்கிப்போய், முற்றத்து வெயிலில் மரச்சட்டத்தின் மேல் கிடத்தினாள். வெயில் ஏறினால் மை தளரும், பிளேடு சுலபமாக ஓடும். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு, ஒரெஸ்தேயைப் பார்த்து வரப்போன லேயா சைக்கிளில் திரும்பி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. தூரிகைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"குடிச்சுட்டுக் கெடக்கானா?" டிர்ச்சே கேட்டாள்.

"அவன் அக்கா கிண்ணத்துல சூப்ப வச்சுக்கிட்டு நிக்கிறா. கரண்டியத் தூக்குறா, எறக்குறா."

"என்ன, சாப்பிடமாட்டேன்னு அடம் புடிக்கிறானா?"

"எங்க ஊட்டுறதுன்னு அவளுக்குத் தெரியலடி."

லேயா பையின் வாரை இழுத்துக் கட்டினாள். கட்ட முடியாமல் விட்டாள்.

"நேத்து அந்தக் கண்ணாடிய முழுசா சுரண்டிட்டியா?"

"ஆமா."

"ஒரு மூலையக்கூட விட்டுவைக்கலயா?"

"நான் என்னிக்கு விட்டுவச்சிருக்கேன்?"

லேயா அவள் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பராவெல்லி தன் காரில் குழந்தைகளின் மிதவை வளையங்களை அடைத்துக்கொண்டு போனார். தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தகரக்கூரை வெயிலில் முனகியது. சால்டர் புகையும் காஸ்டிக் சோடாவும் கலந்த பழைய நாற்றம் சூட்டில் தடித்துத் தொண்டையில் உட்கார்ந்தது. பாதி பிரித்த மேசைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன, மின்சாரம் இல்லாமலே எதிலோ ஒரு மணி லேசாக அதிர்ந்து அடங்கியது. லேயா சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது: நேற்று அவள் சுரண்டிய முகம் ஒரெஸ்தேயிடமும் இல்லை. முற்றத்தில் கிடக்கிற கண்ணாடியின் நினைவும் வந்தது.

ஓடினாள். விரல் சுட்டது. பாவாடை நுனியால் பிடித்துத் தூக்கி முகப்பைப் பார்த்தாள்.

கார் பந்தயம். தடுப்புக்கு வெளியே கை அசைக்கும் ஏழு பேர். மூன்றாவது ஆள் நேரியோ. உடைந்த முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் தைத்துக் கொடுத்த சட்டையின் காலர்கூட அப்படியே.

நிழலுக்குக் கொண்டுபோனாள். குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் சாம்பல் முதுகு மேலே இருக்கும்படி கிடத்தினாள். தொடாமல் விட்டால் போதும், சுரண்டாமல் விட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டாள்.

டிக்.

நகம் சொடுக்குகிற அளவு சத்தம். மூன்றாவது ஆள் இருந்த இடத்தில் சாம்பல் ஒரு பொருக்காகச் சுருண்டு எழும்பிக் குதித்து மேசையில் விழுந்தது. எடுத்துத் திருப்பினாள். மறுபக்கம் ஒரு காது.

அலுவலக அறைக்குப் போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். துறைமுகக் கிடங்குக்காரன் கொட்டாவியோடு எடுத்தான்.

"நேரியோவா? எட்டு மணிக்கே கெளம்பிட்டானே. பெட்டி ஏத்துறப்ப ஒரே பாட்டு. பொண்டாட்டிய கடலுக்குக் கூட்டிட்டுப் போறானாம், ஊருக்கே சொல்லிட்டுப் போறான்."

"அவன நிறுத்த முடியுமா?"

"லாரியவா? சாலைக்கு நடுவுல போய் நான் நிக்கவாம்மா?"

திரும்பி வந்தாள். டிக். தாடையின் ஒரு துண்டு. மற்ற ஆறு பேர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. இப்போது வழியில் பார்மா ஊரைத் தாண்டியிருப்பான் என்று கணக்குப் போட்டாள். ஒரு காதோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காதில் ஏன் காற்று படவில்லை என்று தடவிப் பார்த்திருப்பான்.

வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள். தின்னர் வாசனை அடித்ததும் மூடினாள்; அது மையையே கரைக்கும். ஒட்டுநாடாவை ஓர் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். பொருக்கு நாடாவோடு வந்தது. முடி. உதிர்ந்ததைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். அவள் மூச்சே அதைத் தள்ளிவிட்டது. மூச்சை அடக்கினாள். அடக்க முடியாதபோது முகத்தைத் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு விட்டாள்.

டிக். உதடு, உடைந்த பல்லோடு. ரெஜ்ஜோ தாண்டியிருப்பான். பாட்டு நின்றிருக்கும்.

டிக். மூக்கு.

மாதா, மாதா என்றாள். சத்தம் வராமல்.

டிக். வலது கண்.

அவன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் என்று இனி ஒரே ஒரு பொட்டு, இடது கண். அவரைவிதை அளவு. அதன் விளிம்பு மெல்ல மேலே வளைந்தது. அவள் சுட்டுவிரலை அதன்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்தாள். விரலுக்கு அடியில் அது ஒருமுறை முண்டியது. அடங்கியது.

அப்படியே நின்றாள். மணி தெரியவில்லை. தோள் கடுத்தது. விரல் நடுங்கக்கூடாது.

வாசலில் லாரி நின்றது. பிரேக் சீறியது. எஞ்சின் அணைந்தது. வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்து அவள் பேரைக் கத்துவான்.

கத்தவில்லை.

கதவு திறந்தது. காலடிகள். தூண் ஒன்றில் தோள் இடித்தது. மறுபடி காலடிகள். நிலைக்கதவில் நின்றன.

"நேரியோ, அங்கயே நில்லு" என்றாள். "அசையாத. பிடிச்சுட்டு இருக்கேன். நான் பிடிச்சுட்டு இருக்கேன்."

தலையை மட்டும் தூக்கினாள்.

அவள் தைத்த சட்டை. காலர். காலருக்கு மேல் வெயில் வழுவழுவென்று, தடுக்க ஒன்றுமில்லாமல், பின்னாலிருந்த தெருச்சுவர்வரை போனது. லாரியின் கண்ணாடி அவன் வழியாக மின்னியது. நடுவில், காற்றில் ஒட்டியதுபோல ஒரே ஒரு கண். ஈரமாக. அது அவளைப் பார்த்தது. அவள் விரலைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது.

அவள் முழங்கையில் ஒரு வியர்வைத் துளி திரண்டு, மணிக்கட்டைக் கடந்து, சுட்டுவிரலின் மேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.