ரோச் போட்ட குரூப் பாலிசி

துறைமுகச் சாலையில் இருந்த அந்தப் பழைய சரக்குக் கிளியரிங் ஏஜென்சிக்குள் நெட்வொர்க் ரிப்பேருக்கு ஜெனோ நுழைந்தபோது உச்சிவெயில். உள்ளே மட்டும் ஈரவாடை. வெள்ளம் வடிந்து மாதக்கணக்காகியும் சுவரில் சேற்றுக்கறை அப்படியே இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கக்கூட முதலாளி பாண்டித்துரைக்கு மனசு வரவில்லை.

கோளாறு இதுதான். எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும், பாஸ்வேர்டு கேட்கும் முன் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

'என்னைத் தண்ணிக்குள்ள போவச் சொன்னது யாரு?'

"இவ வேலதாம்ல," என்று கிளார்க் பிலோமியைக் காட்டினார் பாண்டித்துரை. "செத்த ரோச்சுக்குத் தங்கச்சி. அவன் பாஸ்வேர்டு இங்கன எல்லாருக்கும் தெரியும். நீ நிரூபிச்சு மட்டும் குடு, இவளப் போலீஸ்ல ஏத்திருதேன்."

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ரோச், வெள்ளத்தன்று தண்ணீர் நிறைந்த சர்வர் அறைக்குள் சர்வரைத் தூக்கப் போய் கரண்ட் அடித்துச் செத்தவன். அவனாகத்தான் போனான் என்று சாதித்துவிட்டார் பாண்டித்துரை. அதோடு விட்டாரா? வேலை நிற்கக்கூடாதென்று செத்தவன் பெயரிலேயே எல்லாரையும் லாகின் செய்ய வைத்தார். வெட்கங்கெட்ட மனுஷன். ஜெனோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குரூப் பாலிசி லேசான சமாச்சாரம். சர்வரில் ஒரு கட்டளை போட்டால் அதோடு இணைந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேரும். கேள்வியை எல்லாத் திரைக்கும் அனுப்பிய கட்டளை ரோச் பெயரில் இருந்தது; அதை ஜெனோ அழித்தான். ரோச்சின் கணக்கையும் அழித்தான்.

கேள்வி போகவில்லை.

வயரைப் பிடுங்கினான். சர்வரையே அணைத்தான். எந்த நெட்வொர்க்கையும் பார்த்திராத புது லேப்டாப் ஒன்றை உறை பிரித்துத் திறந்தான்.

அதிலும் அதே கேள்வி.

"அண்ணாச்சி," ஜெனோவின் குரல் அடங்கிப்போனது. "இது பிலோமியக்கா செஞ்சது இல்ல. மனுஷங்க யாரும் செஞ்சது இல்ல."

"ஏலே, அவளுக்கு ஏண்டுக்கிட்டு, பரிஞ்சு பேச வாரியா?"

பிலோமி எழுந்தாள். "உள்ள போவும்போது எங்கண்ணன் எனக்குப் போன் போட்டு அழுதான். இப்ப உங்ககிட்டதான் கேக்கான். பதில் சொல்லுங்க."

"நாந்தாம்ளா சொன்னேன்! அதுக்கு இப்ப என்னளா?"

எல்லாத் திரைகளிலும் கேள்வி மறைந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

சர்வர் அறைக்குள் யாரோ தண்ணீரை விலக்கி நடக்கும் சத்தம்.

திரைகளில் புதிய வரி வந்தது.

'அப்ப நீங்களும் வாங்க அண்ணாச்சி.'

தரை காய்ந்துதான் கிடந்தது. பாண்டித்துரையின் வேட்டி மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஈரம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.