லோரியில் வந்தவர்கள்

குகன் திருப்பிக் கொடுத்த சாவிக்கொத்தில் ஒரு சாவி கூடுதலாக இருந்தது.

தாமரை அதை உடனே கவனிக்கவில்லை. லிஃப்டிலிருந்து வந்து இறங்கும் பெட்டிகளில் எது சமையல் சாமான், எது துணிமணி என்று பார்ப்பதிலேயே அவள் கண் இருந்தது. கொத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு விரல்தான் முதலில் சொன்னது. கேட்டுச் சாவி, முன்கதவு, பின்கதவு. தைப்பிங்கை விட்டுக் கிளம்பும்போது லோரிக்காரர்களுக்காகப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தது அவ்வளவுதான். இது பித்தளை, சின்னது. துளையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. நூல் ஈரமாக இருந்தது.

"தம்பி, இது ஏது?"

"எது அக்கா?" குகன் தோளிலிருந்த பெட்டியை இறக்கினான். முப்பது வயதிருக்கும், லோரிக்கு அவன்தான் பொறுப்பு. "எல்லாம் உங்க வீட்டுச் சாவிதானே லா. கொடுத்ததைத்தான் கொடுத்தேன்."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. வெளியே, நடைபாதைக் கோடியில் இருந்த படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். சரிதான், ஆள் சுத்தமில்லை என்று தாமரை முடிவு கட்டிவிட்டாள்.

சந்தேகப்படுவதில் அவள் கெட்டிக்காரி. புருஷன் முகுந்தனோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அதை வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வர ஏன் இவ்வளவு நேரம், போனில் யார், ஜன்னல் திரை ஏன் விலகியிருக்கிறது என்று கேட்டுக்கேட்டே உயிரை எடுத்தவன். காலையில் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துக் கிரில்லை வெளியிலிருந்து பூட்டுவான். பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். டக். டக். டக். சாயங்காலம் வந்து திறந்து, செருப்பைக் கிரில்லுக்கு உட்புறம் விட்டுவிட்டு, பின்னறைச் சாய்வு நாற்காலியில் போய் விழுவான். அவள் கொண்டுவரும் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்பான். எத்தனை கரண்டி போட்டாலும் அதே பேச்சுத்தான். அவன் அடித்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது, மனுஷன் கையை ஓங்கியதே இல்லை. பூட்டு மட்டும்தான்.

அதே நாற்காலியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். செத்த நட்சத்திரம் சரியில்லை, அடைப்பு இருக்கிறது என்றார் கோயில் குருக்கள். வழி கிடைக்காத உயிர் வீட்டையே சுற்றி வருமாம், அதனால் அது பிரிந்த அறையை ஆறு மாதம் அடைத்துவைக்க வேண்டுமாம்.

"ரூமை யாரும் தொறக்கக் கூடாதும்மா. துக்க வீட்டுல யாரையும் வாங்கன்னு கூப்பிட மாட்டோம் இல்லையா? மத்தவங்களுக்கு அது கருமாதியோட சரி. உங்களுக்கு அடைப்பு முடியிறவரைக்கும் உண்டு. வர்றவங்க தானா வரட்டும், தானா போகட்டும்."

அறையைப் பூட்டி, சாவியில் சிவப்பு நூலைக் கட்டி, சாமிப் படத்துக்கடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். தாமரை வைக்கவில்லை. கோலா செபெத்தாங்கில் படகேறிப் போய் அஸ்தியைக் கரைத்தபோது சாவியையும் அதோடு சேர்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. இனி ஒருத்தரும் தன்னைப் பூட்ட முடியாது என்று நினைத்தபோது வயிறு குளிர்ந்தது, அது உண்மை.

அந்தச் சாவிதான் இப்போது கிள்ளானில், ஒன்பதாவது மாடியில், அவள் கையில் இருந்தது.

டூப்ளிகேட்டாக இருக்கும், சிவப்பு நூல் எங்கும் கிடைப்பதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் இரண்டு சாவி வைத்திருப்பவன்தானே முகுந்தன். இவர்கள் அலமாரியைக் குடைந்து எடுத்திருப்பார்கள். பின்னறையைத் திறந்து அவன் கடிகாரம், மோதிரம் என்று அடித்துக்கொண்டு போயிருப்பார்கள். நல்லவேளையாக அந்த அறையில் அவளுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. எடுத்தவரைக்கும் லாபம் என்று போய்த் தொலையட்டும்.

அடைப்பு முடியும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பள்ளித் தோழி குமுதா பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கிறாள். வேலைக்கு வந்துவிடு, கிள்ளானில் வீடு மலிவு, கமூட்டர் ரயிலில் வந்துபோகலாம் என்றாள். மூன்றாம் மாதமே தாமரை கிளம்பிவிட்டாள். வீடு மாற்றித்தரும் கம்பெனியை ஃபேஸ்புக்கில் பிடித்தாள். பின்னறை பூட்டியிருக்கும், அதைத் தொடவே வேண்டாம் என்று போனில் படித்துப்படித்துச் சொன்னாள். லோரிக்கு முன்னால் ரயிலில் வந்து, தன் வீட்டைத் தன் கையாலேயே திறந்தாள். அந்த ஒரு காரியத்துக்காகவே இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

ஆனால் விடிந்ததும் கிளம்பவேண்டிய லோரி, பொழுது சாயும் நேரத்துக்கு வந்து நின்றது. கேட்டதற்கு, "வழியில ஒரு எடத்துக்குப் போக வேண்டியதாப் போச்சுக்கா" என்று மழுப்பினான் குகன்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே கிள்ளான் நகர விளக்குகள் ஒவ்வொன்றாகக் கலங்கித் தெரிய, கீழே கார்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசையும், பக்கத்து வீட்டில் யாரோ நெத்திலி பொரிக்கும் வாசனையும், அதற்குள் எங்கிருந்தோ கலந்து வந்த இன்னொரு வாடையும் கூடத்துக்குள் மெதுவாக ஏறின. உப்பும் சேறும் கலந்த வாடை. படகுத்துறையில் தண்ணீர் வற்றும்போது வருமே, அது. அட்டைப்பெட்டி நனைந்திருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன.

அப்போது லிஃப்ட் திறந்தது. குகனோடு வந்த நேப்பாளத் தொழிலாளிகள் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சாய்வு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள்.

தாமரை வாசலுக்கு விரைந்தாள்.

"இதை ஏன் கொண்டாந்தீங்க? தொடக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"ஏத்தச் சொன்னாங்கக்கா."

"யாரு? உங்க முதலாளியா?"

குகன் பதில் சொல்வதற்குள் நாற்காலி அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. எந்த அறை என்று அவர்கள் அவளைக் கேட்கவே இல்லை. நேராகப் பின்னறைக்குப் போனார்கள்.

கம்பெனி முதலாளி ராஜனுக்குப் போன் போட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. பின்ரூம் வேண்டாம்னுதானே நீங்க சொன்னீங்க? குகன் நல்ல ஆளு. அப்படியெல்லாம் செய்ய மாட்டானே" என்றார் அவர். ஒருவன் பொய் சொல்கிறான், அல்லது இரண்டு பேரும் கூட்டு. சாமானை ஏற்றிவந்து வம்பு வளர்த்து, இன்னும் ஏதாவது கறக்கப் பார்க்கிறார்கள். தனியாக இருக்கிற பொம்பளை என்று தெரிந்துகொண்டார்கள். பேசாமல் கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டும், காலையில் வேறு ஆள் பிடித்து அந்த நாற்காலியைக் குப்பையில் போட வேண்டும்.

போன் அடித்தது. குமுதா.

"பால் காய்ச்சிட்டியா? இருட்டுறதுக்குள்ள காய்ச்சிடுடி. பொங்குனதும் சாமான் கொண்டாந்தவங்களுக்கும் ஒரு வாய் கொடு. புதுவீட்டுக்கு முதல்ல வந்தவங்க வெறும் வாயோட போகக் கூடாது."

அது நியாயம்தான். கள்ளனே ஆனாலும் மழையில் மாடிக்கும் கீழுக்கும் அலைந்தவர்கள். புதுப் பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். சாமிப் படத்துக்கு முன் விளக்கை ஏற்றினாள். பால் விளிம்பு தட்டிப் பொங்கி வழிந்தபோது, இத்தனை சந்தேகத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கண் நிறைந்தது. என் வீடு. என் அடுப்பு. சீனி போட்டு நான்கு கிளாஸில் ஊற்றினாள். வந்தவர்களுக்கு மூன்று, தனக்கு ஒன்று. அவர்கள் வெளியே நடைபாதையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் தட்டை வைத்துவிட்டு, கிரில்லை அகலத் திறந்து, நல்ல நாளில் சொல்வதைப் போல் மனம் நிறையச் சொன்னாள்.

"லோரியில வந்த எல்லாரும் உள்ள வாங்க. பால் குடிச்சிட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று மாதமாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. அடைப்பு இன்னும் முடியவில்லை.

சரி, அது அந்த வீட்டுக்குத்தானே. இது வேறு வீடு.

மூவரும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஈரக்காற்று ஒன்று அவள் கையை உரசிக்கொண்டு போனது. விளக்கு படுத்து எழுந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது தட்டில் மூன்று காலிக் கிளாஸ்கள்தான் இருந்தன. நான்காவதைக் காணோம். கிளாஸைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

கிளம்பும்போது குகன் லிஃப்டுக்குள் நின்று, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். லிஃப்ட் அவள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் கிரில்லுக்கு உள்ளே நின்றாள்.

"அக்கா, வரோம். சார்கிட்டயும் சொல்லிடுங்க."

"எந்த சாரு?"

"உங்க வீட்டுக்காரருதான்." குகன் சங்கடமாகச் சிரித்தான். "அவரு சொல்லித்தான் பின்ரூம் சாமானை ஏத்தினோம். சண்டை வேணாம்னுதான் அப்பவே சொல்லல. காலையில நாங்க போனப்ப கேட்டுக்கு வெளியவே நின்னாரு. உள்ள வரல. கூப்பிட வேண்டியவ கூப்பிடணும்னாரு. பின்ரூம் சாவி தண்ணிக்குள்ள கெடக்குன்னு சொல்லி, செபெத்தாங் படகுத்துறைக்கு ஓட்டச் சொன்னாரு. போட்ட உடுப்போட எறங்கிப் போயி எடுத்துட்டு வந்தாரு."

தாமரை கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்சீட்டுல என் பக்கத்துலதான் வந்தாரு. ஒரு பேச்சு இல்ல. இங்கயும் அந்தப் படிக்கட்டுகிட்டயே நின்னுட்டாரு. நீங்க வாங்கன்னு கூப்பிட்டப்புறம்தான் எங்க பின்னாடியே வந்தாரு. கோவிச்சுக்காதீங்கக்கா."

லிஃப்ட் மூடிக்கொண்டது.

ஓட வேண்டும். இப்போதே. செருப்புகூட வேண்டாம். திறந்திருந்த கிரில்லிலிருந்து கையை எடுத்து வெளியே கால் வைக்கப் போனாள்.

பின்னறையில் நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ மெல்லச் சாய்ந்து, காலை நீட்டி உட்காரும் சத்தம். அவள் தலை தானாகத் திரும்பியது. ஒரு நொடிதான்.

முதுகுக்குப் பின்னால் கிரில் சாத்திக்கொண்டது.

டக்.

டக்.

டக்.

திரும்பிப் பார்த்தாள். நடைபாதை காலி. கிரில்லுக்கு வெளிப்புறம், தைப்பிங்கில் அவள் கையாலேயே குப்பையில் போட்ட பழைய பூட்டு தொங்கியது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கிரில்லுக்கு உட்புறம், அவள் காலடியில், ஒரு ஜோடி ஆண் செருப்பு. சேறு. சொட்டச்சொட்ட ஈரம். முனை இரண்டும் வீட்டைப் பார்த்திருந்தன. அங்கிருந்து ஈரக் காலடிகள், கூடத்தைக் கடந்து, பின்னறைக்கு.

கிரில்லைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

பின்னறை இருட்டுக்குள் கிளாஸைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது.

"சீனி பத்தல."

விளக்கு அணைந்தது. மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. தாமரையின் கால்கள் அடுப்படிக்கு நடந்தன. அவள் கை, அவளைக் கேட்காமலே, இருட்டில் சீனி டப்பாவைத் தேட ஆரம்பித்தது.