ஏழாவது பேர்

பாட்டின் நடுவே யாரோ இருமினார்கள்.

சதீஷ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். யாருமில்லை. யார் இருக்கப் போகிறார்கள்? பூட்டி இருபது வருஷமான தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸ் ரூம் அது. சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய கம்பளியும் ஒட்டி மூன்று பேராகச் சேர்ந்து அதை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். இப்போது மிச்சம் அவன் ஒருவன்தான். டிரம்ஸ் அடிக்கிற டின்டு எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், பாடுகிற பாண்டித்துரை கோயம்புத்தூரில். "ஆல்பத்த முடிடா, மறுபடி சேருவோம். முடியலேன்னா பேண்டு அவ்ளோதான்" என்று டின்டு சொல்லிவிட்டுப் போய் மூன்று மாதம். ஃபேக்டரிக்குள் டவர் கிடையாது. தினமும் சர்ச் வளைவு வரை ஏறிப் போய்ப் பாட்டை அனுப்புவான். நீல டிக் விழும், பதில் வராது. அந்த இரண்டு பேரை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை.

த்ராஷ் மெட்டல் என்றால் வேகமும் கத்தலும் காதைக் கிழிக்கிற கிடாரும்தான். இந்த ஆல்பத்திலாவது புதுசாக ஒன்று செய்வோமென்று ஆசைப்பட்டபோது, பீரோவுக்கு அடியில் அகப்பட்டது பெரட்டு புத்தகம். காலையில் எஸ்டேட் ஆட்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பதிவேடு. கடைசிப் பக்கத்தில் ஏழு பேர். மண் சரிந்து, குடியிருந்த லயத்து வீடுகளோடு புதைந்து போனவர்கள். ஆள் செத்தால் கங்காணி அந்தப் பேரைக் கடைசியாக ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுச் சிவப்பு மையால் வெட்டுவார். வெட்டாத பேர், வேலையில் இருக்கிற பேர். அன்றைக்குக் கங்காணியும் மண்ணோடு போய்விட்டதால் வெட்ட ஆளில்லை. சதீஷின் அப்பாவும் கங்காணிதான், இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, பாட்டு அவ்வளவு நன்றாக வந்ததே!

பாண்டித்துரை ஒரு பேரைக் கத்துவான், எல்லாம் சட்டென்று நிற்கும், நான்கு விநாடி மௌனம், பிறகு அடுத்த பேர். ஏழாவது பேர் ஈரத்தில் கரைந்திருந்தது.

"உம் பேரப் போட்டுருவோம்ல, தாளத்துக்குக் கச்சிதமா உக்காருது" என்றான் பாண்டித்துரை, பதிவு செய்த அன்றைக்குச் சதீஷிடம். மூன்று பேரும் சிரித்தார்கள்.

இருமல் கேட்டது முதல் பேருக்குப் பின்னால் வரும் மௌனத்தில். அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினான்.

"சங்கையா!"

"இருக்கேன்யா."

மெதுவான, களைத்த கிழட்டுக் குரல். மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனால் ஆடி மழை ஜன்னலை வெள்ளையாக அடைத்திருந்தது, தகரக் கூரையில் தண்ணீர் விடாமல் ஓடியது, எங்கோ வட்டவடைக்குப் போகிற ஜீப் ஒன்று முக்கி முனகி ஏறிப்போய் ஓய்ந்ததும் மலையில் மனுஷச் சத்தமே இல்லாமல் போனது, அறைக்குள் மட்டும் எங்கிருந்தோ பச்சை மண் வாசனை, குழி வெட்டும்போது வருமே அது, கம்பளிச் சுவரிலிருந்து கசிந்து மூக்கில் ஏறியது. இந்த இரண்டு பயல்களும் விளையாடுகிறான்களோ? அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டான்.

மறுபடி ஓட்டினான்.

"சங்கையா!" "இருக்கேன்யா." "முத்துப்பேச்சி!" "இருக்கேன்யா." பெண் குரல். பல் கிட்டிப்போன குளிர் அதில்.

நிறுத்தினான். நிற்கவில்லை. வேலுத்தாய். முனீஸ்வரன். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஒயரைப் பிடுங்கினான். ஐந்தாவது பேர். இருக்கேன்யா. ஆறாவது. அதுவும்.

"சதீஷ்!"

மௌனம்.

நான்கு விநாடி போனது. பத்து போனது. கம்ப்யூட்டர் திரையில் ஒலியின் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. நேராக, வெறுமையாக, காத்துக்கொண்டு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். சொல்லக்கூடாது. செத்தாலும் சொல்லக்கூடாது. மூச்சுகூட விடக்கூடாது. பாட்டு முடியட்டும். முடிந்தால் வெளியே ஓடிவிடலாம். முடியவில்லை.

மேஜையில் போன் அதிர்ந்தது.

டின்டு! மூன்று மாதத்துக்குப் பிறகு. கண்ணில் நீர் முட்டிவிட்டது அவனுக்கு. பாட்டைக் கேட்டுவிட்டான், வரப்போகிறான், எல்லாரும் வரப்போகிறார்கள். பாய்ந்து எடுத்தான்.

"சதீஷே, இருக்கியாடா?"

"இருக்கேன்டா! இருக்கேன், இங்கனதான் இருக்கேன்!"

அந்தப் பக்கம் தாளில் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. இங்கே டவர் கிடையாது.

திரையில் அந்த நேர்கோடு ஒருமுறை உயர்ந்து அடங்கியது. பாட்டு முடிந்தது. கூரையில் மழையும் நின்றது.

ஜன்னலில் வெள்ளை விலகியது. கீழே முற்றத்தில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். தலையில் சாக்கு. முதுகில் கூடை. முழங்கால் வரை சேறு. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வரிசையின் கடைசியில், காலடியில் ஒரு கூடையை வைத்து, ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.